டிவியின் வாயை அடைத்தவன்

அந்த விளம்பரம் வந்தபோது மாலை ஆறு மணி இருக்கும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை வேலை முடிந்து நேரே வந்திருந்த அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் அப்போதுதான் வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். டிவியில் எவனோ எங்கேயோ ஒரு மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். முன்கண்ணாடி வழியாக எடுத்த படம், மணிக்கணக்கில் ஓடும், பாதையைத் தவிர அதில் வேறொன்றும் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய அப்பாவுக்கு அதைவிட நல்ல படம் உலகத்திலேயே இல்லை. வளைவு வந்தால் அவருடைய வலது கால் இன்னமும் பிரேக்கைத் தேடும்.

பாதை பாதியில் நின்றது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"புற்றுநோயின் கடைசிக் கட்டமா? வலியோடு போராட வேண்டாம். உங்கள் வீட்டுக்கே வருகிறோம்" என்றது தேன் தடவிய ஒரு குரல். கீழே பெரிய பெரிய எழுத்தில் தொலைபேசி எண் ஓடியது.

அவன் பாய்ந்தான். ஒரு காலில் செருப்போடு கூடத்தைத் தாண்டி வந்து, அப்பாவின் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்துவிட்டான்.

"டேய், டேய், இருடா" என்றார் அப்பா.

"என்னத்தப்பா இருக்கறது? கண்ட கண்ட விளம்பரத்தைப் போட்டு உயிரை எடுக்கறானுங்க."

அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, ரோட்டைப் போடு" என்று மட்டும் சொன்னார். அம்மா மடித்து வைத்த துணியையே பிரித்துத் திரும்ப மடித்தாள். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி நடையில் நிற்க வைத்து டாக்டர் சொல்லியிருந்தார்: கணையத்தில் புற்று, முற்றிவிட்டது, நாலு மாதம், மிஞ்சிப் போனால் ஐந்து. அப்பா அப்போது உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா அங்கேயே, அந்த நடையிலேயே, தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவருக்குத் தெரியக் கூடாது. கடைசி மூச்சு வரைக்கும் தெரியக் கூடாது. அப்பாவோடு ஒரே பஸ்ஸில் பத்து வருஷம் போன கண்டக்டருக்கும் இதே நோய்தான் வந்தது. டாக்டர் வாயால் கேட்ட ஒன்பதாம் நாள் அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தார். "நோய் கொல்றதுக்கு முன்னாடி பயம் கொன்னுடும்டா. எனக்கு இவர் பயந்து சாகக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள் அம்மா. அவள் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான், அப்பீலே கிடையாது.

அதிலிருந்து அது குடல் புண். டாக்டரின் ஃபைல் அவனுடைய வேலைப் பையில் ஸ்க்ரூடிரைவர்களுக்கு நடுவே கிடந்தது. மாத்திரை அட்டைகளின் பெயரை அக்கா பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே கொண்டுவருவாள். வலிக்கு ஒரு பெரிய மாத்திரை இருக்கிறது, வாங்கலாமா என்று ஒருநாள் அக்கா கேட்டபோது அம்மா சீறினாள். "அதைக் கொடுத்தா எதுக்குன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சுடும். அவருக்குத்தான் வலியே இல்லையே?" உண்மைதான். எப்போது கேட்டாலும் அப்பா, "எனக்கென்ன வலி? கொஞ்சம் இழுத்துப் பிடிக்குது, அவ்வளவுதான்" என்பார். வலி இல்லை என்று அவரே சொல்லும்போது யார் என்ன செய்வது? ஏற்பாடு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது, அந்த ஆறு மணி வரைக்கும்.

இதில் அவனுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால் அவன் தொழிலே இதுதான். கடையிலிருந்து புது டிவி போகும் வீடுகளுக்கெல்லாம் பின்னாலேயே போய் அதைச் சுவரில் மாட்டுவான். மாட்டிய கையோடு, உங்களை அது வேவு பார்க்காமல் இருக்க வேண்டுமா என்று கேட்டு, அதன் வாயையும் காதையும் அடைத்துக் கொடுப்பான். கடையில் அவனுக்கு 'செட்டிங்ஸ்' என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊரில் இருக்கிற டிவியெல்லாம் அவனைக் கண்டால் பெட்டிப்பாம்பாக அடங்கும், அவன் வீட்டு டிவி மட்டும் அப்பாவின் முகத்துக்கு நேரே சாவை விற்கிறது என்றால்?

சமையலறையில் விசாரணை நடந்தது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் பேசுவது அந்த வீட்டில் இரண்டரை மாதப் பழக்கம்.

"யாரு தேடினது? உள்ளதைச் சொல்லுங்க" என்றான். "சும்மா வராது இது. இந்த வீட்டு நெட்டுல யாரோ அந்த நோய் பேரைப் போட்டுத் தேடியிருக்கீங்க. போன் தேடினா டிவிக்குத் தெரியும். ரெண்டும் கூட்டுக் களவாணி."

"எனக்கு போனை எடுத்து ஹலோ சொல்லத்தான்டா தெரியும்" என்றாள் அம்மா. அவன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"நான் தேடினேன்தான். இல்லைங்கல" என்றாள் அக்கா. "ஆனா கடை கம்ப்யூட்டர்ல. இந்த வீட்டு வாசப்படி ஏறினா போனையே வெளியில எடுக்கறதில்ல. அப்பா மேல சத்தியம்."

"சத்தியம் வேற. அப்போ டிவி தானா ஜோசியம் பாத்துச்சா? உன்னால அவருக்குத் தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? மருந்துக்கடையில நிக்கறேன்னுதான் பேரு, மண்டையில ஒண்ணும் இல்ல. இனிமே போனோட இந்த வீட்டுக்குள்ள வராதே."

"போன் இல்லாம எப்படிடா நான் வந்து போறது? எம் புள்ளைங்க கூப்பிடுவாங்களே."

"அப்போ வராதே."

சொன்ன வேகத்தில் அவனுக்கே நாக்கு சுட்டது. அம்மா ஏதாவது சொல்லுவாள் என்று அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, கூடத்தில் அப்பாவிடம், "வரேன்பா, வீட்டுல வேலை இருக்கு" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அடுத்த நாள் அவன் லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். விளம்பர அடையாள எண்ணை அழித்தான். திரையில் ஓடுவதை நொடிக்கு நொடி படம் பிடித்து அனுப்புகிற வசதியை அணைத்தான். அதற்கு அந்த அடப்பாவிகள் 'மேம்பட்ட அனுபவம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் அணைக்கும்போது, நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று அது மூன்று தடவை கேட்டது. இவ்வளவு செய்தும் மனசு ஆறவில்லை. சந்தேகமே வேண்டாம் என்று கடைசியில் நெட்டையே பிடுங்கிவிட்டான். அப்பாவின் பாதைகளில் ஆறை மட்டும் பென் டிரைவில் ஏற்றிச் செருகினான்.

"ரிமோட்டுல மைக் பட்டன் வேலை செய்யலியேடா" என்றார் அப்பா, இரண்டு நாள் கழித்து.

"அது இனிமே செய்யாதுப்பா. உனக்கு எதுக்கு அது? வேணுங்கறதை என்கிட்ட கேளு."

அப்பா தலையாட்டினார்.

விளம்பரம் வரவில்லை. அம்மாவுக்கு முகம் தெளிந்தது. "என் பிள்ளை கெட்டிக்காரன்" என்று இரண்டு தடவை சொன்னாள். அப்பாதான் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறினார். முழங்காலை நெஞ்சுவரை இழுத்து, ஒருக்களித்து, சுவரைப் பார்த்துப் படுத்தார். ஆறு பாதைகளும் ஒன்று மாற்றி ஒன்று ஓடின, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். தோளில் கிடக்கிற துண்டு மட்டும் எப்போதும் வாயருகில் இருந்தது. எச்சில் வடிகிறது போல என்று அம்மா அதை நாலு மணிக்கொரு தரம் மாற்றினாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவன் ஒரு கணக்கு டீச்சரின் வீட்டில் புது டிவி மாட்டினான். தனியாக வாழ்கிற அம்மாள். எதையும் லேசில் நம்ப மாட்டார்.

"நான் டிவிகிட்ட பேசறதே இல்லையே தம்பி. அது என்னத்தைக் கேட்டு வச்சிருக்கப் போகுது? சும்மா பயமுறுத்தி வேலை வாங்கப் பாக்கறீங்க."

இப்படிப் பேசுகிறவர்களுக்கென்றே அவனிடம் ஒரு வித்தை இருந்தது. போனில் தன் வீட்டு டிவியின் கணக்கைத் திறப்பான். அந்த டிவியிடம் மைக்கை அழுத்தி யார் எப்போது என்ன பேசினாலும் அதில் குரலோடு பதிவாகிக் கிடக்கும். 'அந்த ஆளைக் கத்த வேணாம்னு சொல்லு' என்று அப்பா செய்தி வாசிக்கிறவனைத் திட்டியது அதில் இருந்தது. அதைப் போட்டுக் காட்டினால் வீட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் முகம் மாறி, எங்களுக்கும் அடைத்துவிடுங்கள் என்பார்கள். இந்த ஒரு வித்தைக்காகத்தான் ஊர் முழுக்க அடைத்தவன் தன் வீட்டை மட்டும் இத்தனை நாள் திறந்தே வைத்திருந்தான். அப்பாவுக்கு நோய் என்று தெரிந்த பிறகு வித்தை காட்டுகிற மனசு அவனுக்கு வரவில்லை. அந்தப் பட்டியலைத் திறந்தே இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"ஒரு நிமிஷம் டீச்சர். இதைக் கேளுங்க" என்று சொல்லி, மேலே இருந்த முதல் பதிவை, படிக்காமலேயே, பழக்கத்தில் தட்டினான்.

"வீட்டுக்கு வந்து வலிக்கு ஊசி போடறவங்க யாராவது இருக்காங்களா?" என்றது அப்பாவின் குரல். தெரியாத ஊரில் வண்டியை நிறுத்தி வழி கேட்கிற மாதிரி, பணிவாக. ஒரு மூச்சு. "கொஞ்சம் சீக்கிரம் வேணும். தாங்க முடியல. வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது."

டீச்சர் சிரிக்கவில்லை. "ஐயோ பாவம். யாருப்பா அது?" என்றார்.

அவன் தேதியைப் பார்த்தான். அந்த விளம்பரம் வந்த அதே நாள், மாலை நாலு பத்து. அம்மா கடைக்குப் போகிற நேரம். அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று, விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாம் அம்மா வெளியே போகிற நேரங்கள்.

குடல்ல புண்ணு இருந்தா முதுகு வரைக்கும் வலிக்குமா?

பேரைச் சுரண்டின மாத்திரை என்ன மாத்திரைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? வெள்ளை, நடுவுல கோடு.

கணையத்துல புத்து வந்தா எத்தனை மாசம்?

வலியை வெளியில காட்டாம இருக்கறது எப்படி?

இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் நாலு தடவை இருந்தது, நாலு வேறு வேறு நாளில். டீச்சர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "எங்கப்பா டீச்சர்" என்றான் அவன், தாமதமாக. பாவி, அக்காவை வீட்டை விட்டு விரட்டினானே, அக்கா இந்த வீட்டில் தேடவில்லை. யாரும் தேடவில்லை. நாலு பத்துக்கு அப்பா கேட்டார், ஆறு மணிக்கு டிவி பதில் சொன்னது. கேட்ட மனுஷனின் கைக்கே நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தது. அதைத்தான் அவன் பாய்ந்து வந்து அணைத்தான். அணைத்தது போதாதென்று வயரையும் பிடுங்கினான். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

டிவியை அரைகுறையாக விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். அம்மா இல்லை. அப்பா சுவரைப் பார்த்துக் கிடந்தார். துண்டு பற்களுக்கு நடுவில் இருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் அதை எடுத்து, முகத்தை ஒரு துடை துடைத்து, திரும்பினார். "என்னடா, இந்த நேரத்துல?"

"வலிக்குதாப்பா?"

"புண்ணு தானேடா. ஆறிடும்."

"டிவிகிட்ட நீ கேட்டதையெல்லாம் கேட்டேன்பா."

அப்பா, "அந்தச் சனியன் உன்கிட்ட சொல்லிடுச்சா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வலியில் மாட்டிக்கொண்டது. அது அடங்கும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை, எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி அப்படிப் பிடித்தது.

"ஏம்பா எங்ககிட்ட கேக்கல? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எப்படிடா கேக்கறது? கேட்டா எனக்குத் தெரியும்னு ஆயிடுமே." மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்கம்மா ராப்பகலா ஒரே ஒரு வேலை பாக்கறா. எனக்குத் தெரியாம பாத்துக்கற வேலை. அது வீணாப் போச்சுன்னா அவளுக்கு அப்புறம் என்னடா மிச்சம்? என்னைக் காப்பாத்த முடியல, இதையாவது செஞ்சேன்னு இருந்துட்டுப் போகட்டும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியவே கூடாது. நான் போன பிறகும்தான். சொல்லு, சரின்னு சொல்லு."

"சரிப்பா."

"அழுது தொலைக்காதே. அவ வந்துடுவா. அந்த நம்பரைப் பாரு முதல்ல."

நம்பர் ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. மூன்று மணிக்கெல்லாம் நர்ஸம்மா வந்துவிட்டார். நடுத்தர வயது, கையில் ஒரு சின்னப் பெட்டி, அதிகம் பேசாதவர். குடல் புண்ணுக்குப் புதிதாக ஒரு ஊசி வந்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான். நர்ஸம்மாவிடம் வாசலிலேயே நடந்ததைச் சொன்னான். "நிறைய வீட்ல இப்படித்தான் தம்பி" என்றார் அவர். ஆனாலும் அம்மாவைச் சூடு தண்ணீர் வைக்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, அப்பாவின் காதருகே குனிந்து, இது என்ன ஊசி, எதற்கு என்று சொல்லி, போடலாமா என்று கேட்டுத்தான் போட்டார்.

அரை மணி நேரம் ஆயிற்று. அப்பாவின் முழங்கால் நெஞ்சை விட்டு இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கால் நீண்டுகொண்டே போய்க் கட்டில் விளிம்பைத் தாண்டியது. கையிலிருந்த துண்டு தரையில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்து, குறட்டை வந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "இவர் இவ்வளவு உயரம்ங்கறதே எனக்கு மறந்து போச்சுடா" என்றாள்.

வெளியே கொண்டுபோய் விடும்போது நர்ஸம்மா கேட்டார். "எத்தனை நாளா இப்படி முடங்கிப் படுத்திருக்கார்?"

"பத்துப் பன்னிரண்டு நாளா."

"முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமே தம்பி. கூப்பிட்ட அன்னைக்கே வந்துடுவோமே."

அவர் போன பிறகு தெருவிலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டான். அது உன்னால வரலைக்கா, அப்பாதான் டிவிகிட்ட கேட்டிருக்கார், எல்லாம் தெரிஞ்சே கேட்டிருக்கார், அம்மாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாதாம், நான்தான் கெடுத்தேன் என்று கோர்வையில்லாமல் உளறினான். அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். "அந்தப் பெரிய மாத்திரையை நான் அன்னைக்கே பையில கொண்டுவந்திருந்தேன்டா. நீங்க வேணாம்னதும் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டேன். நான் ஏன் உங்க பேச்சைக் கேட்டேன்?" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் வந்தாள். அப்பா விழித்து அவளைப் பார்த்து, இவ்வளவு நாள் எங்கே போனாய் என்றுகூடக் கேட்கவில்லை, தலையை மட்டும் தடவிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தார். நர்ஸம்மா தினமும் வந்தார். நெட்டைத் திரும்ப மாட்டியிருந்தான், அப்பா புதுப் பாதைகள் பார்த்தார். நடுநடுவே விளம்பரத்தில் வலி ஊசிக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் வந்து போனார்கள், சவப்பெட்டிக்காரன்கூட வந்தான். அம்மா ஒவ்வொரு தடவையும் பதறி எழுந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றாள், அப்பா ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரிக் கிடந்தார். ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு, ஏதோ ஒரு கடலோரப் பாதையில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே, போய்விட்டார்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். பழைய டிரைவர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள், டிவிக்கடை ஆட்கள். அம்மா எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னாள். அழுதாள், ஆனால் அழுகைக்கு நடுவே தலை நிமிர்ந்துதான் சொன்னாள்.

"கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாதுங்க. தெரிய விடலையே நாங்க. பயம் கிடையாது, வலி கிடையாது. குழந்தை மாதிரி தூங்கினார். நான் அவருக்குச் செஞ்சது இது ஒண்ணுதான்."

நல்ல சாவு என்றார்கள். கொடுத்து வைத்தவர் என்றார்கள். எந்த வீட்டில் இப்படி மறைத்து வைக்க முடியும் என்று ஒரு அம்மாள் ஆச்சரியப்பட்டாள். சுவரோரம் நின்ற அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது, சொல்லித் தொலைக்கட்டுமே என்றும் இருந்தது.

அம்மா அவனைக் கைநீட்டி அருகே இழுத்தாள். "இவன்தாங்க எல்லாம் பாத்துக்கிட்டது. எம் பிள்ளை இல்லன்னா அந்த டிவியே அவர்கிட்ட சொல்லியிருக்கும். நீ சொல்லுடா இவங்களுக்கு. உங்கப்பா ஒரு நாளாவது வலிக்குதுன்னு வாயைத் திறந்திருப்பாரா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"இல்லம்மா" என்றான். "எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

அம்மா திருப்தியோடு தலையாட்டிவிட்டு, அப்போதுதான் வாசலில் வந்து நின்றவர்களிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.